பாட்டிலிடம் ‘சக்கரை கம்மி’ என்று சொல்ல முடியுமா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் எந்த டீக்கடையில் நின்றாலும், பத்து நிமிஷத்துக்குள் ஒருவராவது “மாஸ்டர், சக்கரை கம்மியா ஒண்ணு” என்பார். மாஸ்டரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் அரை ஸ்பூனைக் குறைத்துக்கொள்வார். அதே கடையின் ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஃபிரிட்ஜ் நிற்கும். அதற்குள் இருக்கும் பாட்டிலிடம் இப்படிச் சொல்ல முடியாது. எவ்வளவு சர்க்கரை என்பது ஆலையிலேயே முடிவாகி, மூடி போட்டு வந்துவிட்டது. குளிர்பானத்துக்கு வரி போடுவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: நாம் எல்லோரும் சேர்ந்து அந்த ஆலையைப் பார்த்து “சக்கரை கம்மி” என்று சொல்வது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், இந்த வரியைப் பற்றிய பேச்சில் எங்கெல்லாம் தப்புக் கணக்குப் போடுகிறோம் என்பது தெரியும்.

“அதான் 40 சதவீதம் போட்டாச்சே, இன்னும் என்ன?” என்பதுதான் அடிக்கடி காதில் விழுவது. 40 சதவீதம் உண்மைதான். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கேஸ் அடைத்த பானங்களுக்கு 28 சதவீத வரி, மேலே 12 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அது ஒரே வரியாக 40 சதவீதம். ஆனால் அந்த வரி எதைப் பார்த்துப் போடப்படுகிறது? 100 மி.லி.க்குப் பத்தரை கிராம் சர்க்கரை உள்ள கோலாவுக்கும் 40. சர்க்கரையே இல்லாத ‘ஜீரோ’ கோலாவுக்கும் 40. கேஸ் இல்லாத மாம்பழ பானத்துக்கோ முன்பு 12 சதவீதம், இப்போது 5. பல மாம்பழ பானங்களில் கோலாவுக்குக் குறையாத சர்க்கரை இருக்கிறது. பழச்சாறு பத்தில் ஒரு பங்கு இருந்தாலே அதைப் பழ பானம் என்று விற்கலாம். மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும்தான்.

மாம்பழத்துக்குப் பேர்போன ஊர்க்காரனாக இது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. போன வருஷம் எங்கள் பெரியம்மா சுகர் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பார்க்க வந்தவர்களில் மூன்று பேர் கையில் மாம்பழ ஜூஸ் பாட்டில். “கலர் எல்லாம் வாங்கலங்க, இது பழம்தானே” என்றார் ஒரு அக்கா. கரிசனத்தோடு வாங்கி வந்ததுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. கேஸ் இருந்தால் கெடுதல், பழப் படம் இருந்தால் நல்லது என்று அவர் நினைப்பதைத்தான் வரிப் பட்டியலும் நினைக்கிறது.

பிரிட்டனில் இதை வேறு மாதிரி செய்தார்கள். 2016 மார்ச்சில் அறிவித்து, 2018 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 100 மி.லி.க்கு 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் வரியே இல்லை. 5 முதல் 8 கிராம் வரை அப்போது லிட்டருக்கு 18 பென்ஸ், அதற்கு மேலே போனால் 24 பென்ஸ். இடையில் கிடைத்த இரண்டு வருஷத்தில் பல நிறுவனங்கள் தாங்களாகவே சர்க்கரையைக் குறைத்து 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டன. வரிக்கு உட்பட்ட பானங்களில் 2015க்கும் 2019க்கும் இடையே சராசரி சர்க்கரை 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கடைக்குப் போனவர் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாமலே, அவர் குடித்த சர்க்கரை குறைந்தது. நம் 40 சதவீத வரியில் இது நடக்காது. பத்து கிராமை நாலு கிராமாக்கினாலும் அதே 40 என்றால், எந்த ஆலை மெனக்கெடும்?

அடுத்தது சதவீதக் கணக்கு. ஏற்காடு போகும் வழியில் அடிவாரத்துக் கடையில் சுற்றுலா வந்த பிள்ளைகள் வாங்குவதைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் பத்து ரூபாய் பாட்டில்தான். 200 மி.லி., அதில் 21 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இந்தப் பத்து ரூபாயில் வரி மூன்று ரூபாய்க்கும் குறைவு. அதே பானத்தை இருபது ரூபாய்க்கு விற்றால் வரி ஆறு ரூபாய்க்குப் பக்கம் வரும். சர்க்கரை ஒன்றுதான், விலையை இறக்கினால் வரியும் கூடவே இறங்கிவிடுகிறது. நிறுவனங்கள் போட்டி போட்டு விலையைக் குறைக்கும்போது சதவீத வரி பல்லில்லாததாகிவிடும். அதனால்தான் மெக்சிகோ லிட்டருக்கு ஒரு பெசோ என்று வைத்தது, தென்னாப்பிரிக்கா சர்க்கரையைக் கிராம் கணக்கில் அளந்து வரி போட்டது.

“ஏழை வயிற்றில் அடிக்கிற வரி” என்ற வாதத்தை நான் லேசாகத் தள்ளமாட்டேன். தறியில் பத்து மணி நேரம் நிற்பவருக்கு வெயிலில் ஒரு கலர்தான் ஆறுதல் என்றால், அதைப் பிடுங்குவதற்கு முன் யோசிக்கத்தான் வேண்டும். ஆனால் கலர் அரிசி இல்லை, விலை ஏறினால் விட்டுவிடலாம். மெக்சிகோவில் 2014 ஜனவரியில் வரி வந்தது. முதல் வருஷத்திலேயே அந்தப் பானங்கள் வாங்குவது சராசரியாக 6 சதவீதம் குறைந்தது, வசதி குறைந்த வீடுகளில் அதைவிட அதிகமாகவே குறைந்தது. சர்க்கரை நோய் வந்தால் முதலில் சாய்வதும் அந்த வீடுகள்தான். கால் புண் ஆறாமல் இரண்டு மாதம் தறி ஏறவில்லை என்றால், அந்த இரண்டு மாதக் கூலியை யார் தருவார்கள்?

ஆனால் குடிக்க மாற்று இருக்க வேண்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலும் பத்து ரூபாய், சின்னக் கலரும் பத்து ரூபாய் என்றால், பஸ் ஸ்டாண்டில் தாகத்தோடு நிற்கும் பிள்ளை எதை எடுக்கும்? குழாயில் நல்ல தண்ணீர் வராத இடத்தில் வரி மட்டும் வந்தால் அது தண்டனையாகத்தான் முடியும்.

வரி வசூல் வருஷா வருஷம் குறைந்தால் “திட்டம் தோல்வி” என்று சொல்வது இன்னொரு தப்பு. இதற்குச் சேலத்திலேயே பழைய பாடம் இருக்கிறது. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான். சாராய வருமானம் போனது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரி வந்தது, இந்தியாவிலேயே முதல் முறையாக. மதுவிலக்கு சரியா தவறா என்பது வேறு பேச்சு. குறைய வேண்டும் என்று நினைக்கும் பொருளிலிருந்து வரும் காசை நம்பி கஜானாவை நடத்தக்கூடாது என்பதை அன்றைக்கே கணக்குப் போட்டிருக்கிறார்கள். சர்க்கரை வரியில் வசூல் இறங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

வரியை ஆதரிப்பவர்களும் ஒரு தப்பு செய்கிறார்கள்: இது வந்தால் சுகரே ஒழிந்துவிடும் என்று அள்ளி விடுகிறார்கள். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வுப்படி நாட்டில் பத்து கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய். மூன்று வேளை சோறு, உடல் உழைப்புக் குறைவு, பரம்பரை என்று அதற்குப் பல காரணங்கள். கரும்புச்சாறு வண்டியையும் நன்னாரி சர்பத் கடையையும் இந்த வரி தொடவே தொடாது. பெரிதாகச் சொல்லிவிட்டு, நாலு வருஷம் கழித்து “என்ன கிழிச்சீங்க?” என்று கேட்டால் பதில் இருக்காது.

அப்புறம், யாரிடம் கேட்பது? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் அது அங்கேயே நிற்கும். இந்த விகிதத்தை மாநில அரசு தனியாகவும் மாற்ற முடியாது. ஜி.எஸ்.டி. கவுன்சிலில் பேச வேண்டும், அதில் தமிழ்நாட்டு அமைச்சரும் உறுப்பினர். நம் எம்.எல்.ஏ., எம்.பி.யிடம் எழுதிக் கொடுக்கும்போது “வரியை ஏற்று” என்று மட்டும் எழுதாதீர்கள். கேஸைப் பார்க்காமல் சர்க்கரையைப் பார்த்து, கிராம் கணக்கில் வரி போடுங்கள், மாம்பழ பானத்துக்கும் சேர்த்து, என்று எழுதுங்கள்.