ஸ்டீவன்ஸ் க்ரீக் ஓரம்: முழங்கால் வலிக்காரர்களுக்கு ஒரு நடை

பிள்ளைகளைப் பார்க்கக் கலிபோர்னியாவின் மவுன்டன் வியூ வந்து, பகலெல்லாம் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் அம்மா அப்பாக்களுக்குத்தான் இது. கார் வேண்டாம். கால்ட்ரெயின் ரயில் நிலையத்திலிருந்து எவலின் அவென்யூவில் கிழக்கே நடந்தால், ஸ்டீவன்ஸ் க்ரீக் ஓடையை ஒட்டிய நடைபாதை வந்துவிடும். முழுக்கத் தார் போட்டது. படிக்கட்டு இல்லை, பாலங்களில் மட்டும் கொஞ்சம் ஏற்றம். பேரனைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாராளமாகத் தள்ளலாம்.

முதல் பாடம்: வலப்பக்கமாகவே நடங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் கால் தானாக இடப்பக்கம் போகும். பின்னாலிருந்து சைக்கிள்காரர் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுத்தால், உங்களுக்கு இடப்பக்கமாக முந்தப் போகிறார் என்று பொருள். பதறி விலக வேண்டாம், நேராகப் போங்கள். நாலு பேர் கைகோத்து அடைத்துக்கொண்டு போனால் முறைப்பார்கள், நியாயம்தான்.

தெற்கே போனால் மர நிழல். எனக்குப் பிடித்தது வடக்கு. 101 நெடுஞ்சாலையைத் தாண்டியதும் கிழக்கே பிரம்மாண்டமான கொட்டகை ஒன்று தெரியும்: 1930களில் மேக்கன் என்ற வான்கப்பலை (வாயு நிரப்பிப் பறக்கும் பெரிய கலம்) நிறுத்தக் கட்டிய ஹேங்கர் ஒன். அதற்கப்புறம் சதுப்பு நிலம், கொக்குகள், சான் பிரான்சிஸ்கோ விரிகுடா. அங்கே நிழலே கிடையாது, மத்தியானத்துக்கு மேல் காற்றும் பலம். காலையிலேயே கிளம்புங்கள், தொப்பி, தண்ணீர், மெல்லிய ஸ்வெட்டர் போதும். கோடையில் ஓடை பல இடங்களில் வறண்டுதான் கிடக்கும், ஏமாறாதீர்கள். போன அதே வழியில்தான் திரும்ப வேண்டும், அதனால் பாதித் தெம்பிலேயே திரும்பிவிடுங்கள்.