கழற்சிக்காய் விதை முளைக்கலையா? முதல்ல தோலைத் தேய்ங்க

கழற்சிக்காய் விதையை அப்படியே மண்ணுல புதைச்சிட்டு மாசக்கணக்கா தண்ணி ஊத்திட்டு இருந்தா ஒண்ணும் நடக்காது, நானும் அப்படித்தான் ஏமாந்தேன், தோண்டிப் பார்த்தா போட்ட மாதிரியே சாம்பல் கலர்ல கோலிக்குண்டு மாதிரி இருக்கு. தோல் அவ்ளோ கெட்டி, தண்ணியே உள்ள போகாது.

அதனால உப்புத்தாள்ல ஒரு ஓரமா மட்டும் தேய்ங்க, சாம்பல் போய் பழுப்பு வந்து அப்புறம் உள்ள வெளுப்பா பருப்பு லேசா தெரியும், அங்கயே நிறுத்திடுங்க. தேய்க்கத் தேய்க்க விரல் சுடும், துணில பிடிச்சுக்கோங்க. கண் மாதிரி ஒரு புள்ளி இருக்கும்ல, அந்தப் பக்கம் மட்டும் தேய்க்காதீங்க, முளை அங்கதான்.

அப்புறம் 24 மணி நேரம் தண்ணில ஊறட்டும், நல்லா உப்பி வரும். உப்பாததை இன்னும் கொஞ்சம் தேய்ச்சு மறுபடி போடுங்க. மிதக்குதுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, இது கடல்லயே மிதந்து போய் கரை ஒதுங்கி முளைக்கிற ஜாதி, மிதந்தா சொத்தைன்னு பார்க்கிற டெஸ்ட் இதுக்கு செல்லாது.

ஊறினதை ஒரு இஞ்ச் ஆழத்துல, தண்ணி தேங்காத மண்ணுல வைங்க. ஆனா கொடி பூரா கொக்கி முள்ளு, வேலி ஓரம்தான் சரி, நடக்கிற வழில வச்சா சட்டையைப் பிடிச்சு இழுக்கும்.