மூன்று பட்டை கண்டதும் பெயர் எழுதாதீர்கள்: மலேரியா கொசுக்களை வகைப்படுத்துவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஐப்பசியில் ஈரோடு மாவட்டத்துக் கிராமம் ஒன்றில், கொசு சேகரிக்கவும் வகைப்படுத்தவும் கற்றுக்கொள்ள வந்திருந்த இளைஞர்களுடன் நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். கொசு பிடிப்பதிலும் அதற்குப் பெயர் கண்டுபிடிப்பதிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பணி ஓய்வு பெற்றவன் நான். அந்த நான்கு நாட்களில் அவர்கள் செய்த தவறுகளில் பெரும்பாலானவை, வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுகளில் நான் செய்தவையே. அப்போது எனக்கு யாரும் இவற்றை எழுதித் தரவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஆண் கொசுவின் உணர்கொம்பு அடர்ந்த தூவி போல இருக்கும் என்பது, கியூலெக்ஸ் என்னும் சாக்கடைக் கொசு முட்டைகளைத் தெப்பமாக இடும் என்பது, அனோஃபிலிஸ் புழுவுக்குச் சுவாசக் குழல் இல்லாததால் நீர்ப்பரப்புக்கு இணையாகக் கிடக்கும் என்பது போன்றவை எல்லாப் பாடநூல்களிலும் இருக்கின்றன. அவற்றில் தவறுகிறவர்கள் ஒரே வாரத்தில் திருந்திவிடுவார்கள். அவற்றைத் தாண்டிய பிறகு வரும் தவறுகளைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

"அனோஃபிலிஸ்" என்ற பெயரோடு நின்றுவிடுவது

அனோஃபிலிஸ் என்பது ஒரு பேரினத்தின் பெயர். உலகம் முழுவதும் பெயரிடப்பட்ட ஏறக்குறைய 500 சிற்றினங்கள் அதில் உள்ளன. மனிதருக்கு மலேரியாவைப் பரப்பக்கூடியவை அவற்றுள் சுமார் 70. இந்தியாவில் ஏறத்தாழ 60 சிற்றினங்கள் இருந்தாலும் முதன்மைப் பரப்பிகளாக எண்ணப்படுபவை ஆறுதான். அவற்றில் மினிமஸ், பைமாயி இரண்டும் வடகிழக்கு மாநிலங்களுக்கும், உப்பங்கழி நீரில் வளரும் சண்டைக்கஸ் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் உரியவை. எஞ்சும் மூன்றுதான் கொங்கு நாட்டில் வேலை செய்கிறவருக்கு முக்கியம்: வாய்க்கால் கசிவிலும் ஆற்றுப்படுகைக் குழிகளிலும் வளரும் குலிசிஃபேசிஸ், கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் வளரும் ஸ்டெஃபென்சி, மலையடிவார ஓடைகளில் வளரும் ஃப்ளூவியாட்டிலிஸ்.

உட்காரும் கோணத்தை நம்புவது

சுவரில் தலை தாழ்த்தி, பின்பகுதியை உயர்த்தி, சாய்வாக உட்கார்ந்திருப்பது அனோஃபிலிஸ் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் நம் கிராமப்புறங்களின் முதன்மைப் பரப்பியான குலிசிஃபேசிஸ், ஏறக்குறைய கியூலெக்ஸைப் போலவே சுவரோடு ஒட்டி அமரும். 1901இல் கைல்ஸ் என்ற பூச்சியியலாளர் அதற்கு வைத்த பெயரின் பொருளே "கியூலெக்ஸ் சாயல் கொண்டது" என்பதுதான். கோணத்தைப் பார்த்து "இது சாக்கடைக் கொசு" என்று விட்டுவிட்டு வருகிறவர், தேடிப் போனதையே விட்டுவிட்டு வருகிறார்.

மூன்று பட்டையைப் பார்த்ததும் ஸ்டெஃபென்சி என்று எழுதுவது

இந்த ஒரு தவறைப் பற்றித்தான் நான் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதை யாராவது செய்யும்போது எனக்குக் கோபம் வருகிறது.

பெண் அனோஃபிலிஸின் உறிஞ்சுகுழலுக்கு இருபுறமும், அதே நீளத்தில் இரண்டு உறுப்புகள் நீண்டிருக்கும். களத்தில் நாங்கள் அவற்றைப் பால்ப் என்றே சொல்வோம். பால்ப்பின் மீது வெண்செதில்களால் ஆன பட்டைகள் இருக்கும். ஸ்டெஃபென்சிக்கு மூன்று வெண்பட்டைகள் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள், அது உண்மையும்கூட. வேறு அனோஃபிலிஸ் சிற்றினங்களான சப்பிக்டஸுக்கும் மூன்று, வேகஸுக்கும் மூன்று, குலிசிஃபேசிஸுக்கும் மூன்று என்பதைக் கேட்கும்போது மாணவரின் கவனம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். மூன்று என்ற எண் மட்டும் மனத்தில் தங்கிவிடுகிறது.

நான் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, நொய்யல் கரையோரத்து ஊர் ஒன்றில், கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த இடத்தில் தங்கியிருந்த வெளியூர்த் தொழிலாளர் இருவருக்கு வைவாக்ஸ் மலேரியா இருப்பது இரத்தப் பரிசோதனையில் தெரிந்தது. விடிவதற்கு முன் டார்ச் விளக்கும் கொசுவை உறிஞ்சிப் பிடிக்கும் குழாயுமாக அருகிலிருந்த தோட்டத்துக் கட்டுத்தரைக்குப் போனேன். இரண்டு எருமைகளும் ஒரு கன்றும் கட்டியிருந்த அந்த இடத்தில், கூரை ஓலையின் அடிப்பக்கத்தில் அனோஃபிலிஸ் கொசுக்கள் வேண்டிய அளவுக்கு இருந்தன. கைவில்லையில் பார்த்தேன், பால்ப்பில் மூன்று பட்டைகள் தெரிந்தன. ஊருக்குள் காய்ச்சல், பக்கத்தில் கட்டட வேலை, மூன்று பட்டை. எனக்கு எந்தச் சந்தேகமும் எழவில்லை. பதிவேட்டில் ஸ்டெஃபென்சி என்று எழுதினேன்.

அந்த ஒரு சொல்லை நம்பி நான்கு பேர் ஒன்பது நாட்கள் வேலை செய்தார்கள். கட்டுத்தரையைச் சுற்றியிருந்த தொட்டிகள், பீப்பாய்கள், குடங்கள் எல்லாவற்றையும் திரும்பத் திரும்பச் சோதித்து, தண்ணீரை இறைத்துவிட்டுத் தேய்த்துக் கழுவினோம். "ஏஞ்சாமி, இந்தத் தொட்டிய இன்னும் எத்தன தடவதான் எறைப்பீங்க, மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டாங்களா?" என்று அந்தத் தோட்டத்து அம்மா கேட்டார். அனோஃபிலிஸ் புழு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

பத்தாம் நாள் எங்கள் மூத்த உதவியாளர் வந்து, நான் சேர்த்துவைத்திருந்த கொசுக்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். பால்ப்பை அவர் பார்க்கவே இல்லை. "காலப் பாத்தியாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். ஸ்டெஃபென்சியின் தொடையிலும் கீழ்க்காலிலும், ஈரச் சுண்ணாம்பு தெறித்தாற்போல வெண்புள்ளிகள் இறைந்து கிடக்கும். நான் பிடித்துவந்த கொசுக்களின் கால்களில் அப்படி ஒரு புள்ளிகூட இல்லை. பாதக் கணுக்களில் பட்டைகள் மட்டும் இருந்தன. அத்தனையும் சப்பிக்டஸ்.

சப்பிக்டஸ் வளர்வது தொட்டியில் அன்று. மழைக்குப் பின் தேங்கும் கலங்கல் குட்டையிலும், செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளத்திலும், மாட்டுக் குளம்பு பதிந்த குழியிலும் அது வளரும்; மாட்டின் இரத்தத்தையே பெரிதும் நாடும். உள்நாட்டு ஊர்களில் மலேரியாவில் அதற்குப் பெரும் பங்கு கிடையாது. காய்ச்சலுக்குக் காரணமான ஸ்டெஃபென்சி, எவரும் எட்டிப் பார்க்காத வேறோர் இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது: கட்டடத்தின் மின்தூக்கிக்காகத் தோண்டிய குழியில், முழங்கால் அளவுக்குத் தேங்கிய தெளிந்த நீரில். நம் ஊர் வெப்பத்தில், கொசு குடித்த இரத்தத்தோடு உள்ளே போன வைவாக்ஸ் ஒட்டுண்ணி, வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழப் பத்து நாட்கள் போதும். நான் வீணாக்கிய காலமும் அவ்வளவுதான். அந்த மாத இறுதிக்குள் அதே கட்டடத்தில் மேலும் மூவருக்குக் காய்ச்சல் வந்தது. அவர்களில் ஒருவர் கைக்குழந்தையுடன் இருந்த பெண்.

கொசுவின் பெயரை எழுதும்போது, அது வளரும் தண்ணீரின் முகவரியை எழுதுகிறோம். பதிவேட்டில் ஒரு சொல் பிறழ்ந்தால் மருந்தும் கொசுப்புழு தின்னும் மீனும் ஆட்களும் வேறு முகவரிக்குப் போய்விடுகிறார்கள். பால்ப்பின் பட்டைகளைப் பாருங்கள், ஆனால் எண்ணுவதோடு நிறுத்தாமல் அளந்து பாருங்கள். ஸ்டெஃபென்சியில் நுனிப் பட்டையும் அடுத்ததும் அகலமாக இருக்கும், பால்ப்பின் மேற்பரப்பிலும் வெண்செதில்கள் சிதறியிருக்கும். வேகஸில் நுனிப் பட்டை மிக நீண்டு, அதை ஒட்டிய கருப்புப் பட்டை ஒரு கீற்றாகச் சுருங்கியிருக்கும். பிறகு கால்களைப் பாருங்கள். கால்களைப் பார்க்காமல் ஸ்டெஃபென்சி என்று எழுதாதீர்கள்.

இந்த முறை நான் கண்டது இதைவிடக் கவலை தருவது. இளைஞர் ஒருவர் சுவரில் இருந்த கொசுவைக் கைப்பேசியில் படமெடுத்து, படத்தைப் பெரிதாக்கி, மூன்று பட்டைகளை எண்ணி, ஸ்டெஃபென்சி என்று குழுவுக்கு அனுப்பிவிட்டார். படத்தில் கால்கள் நிழலில் இருந்தன. கொசுவோ பறந்துபோய்விட்டது, இனி யாராலும் அதைச் சரிபார்க்க முடியாது. ஸ்டெஃபென்சி எங்கே புதிதாகத் தென்படுகிறது என்பதைப் பல நாடுகள் கவலையோடு கவனித்துவரும் காலம் இது. 2012இல் அது ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் கண்டறியப்பட்டது. மலேரியா ஒழிந்த நாடென்று 2016இல் சான்று பெற்ற இலங்கையில், அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் கிடைத்தது. அந்தப் பெயரை அவ்வளவு எளிதாக எழுதிவிடக் கூடாது.

கால் உதிர்ந்த கொசுவுக்குப் பெயர் வைப்பது

வைக்காதீர்கள். ஒரு குழாயில் ஒரு கொசு, ஈரம் இருக்கக் கூடாது, குலுக்கக் கூடாது.

புழுவை வைத்தே சிற்றினத்தைச் சொல்லிவிடுவது

வளர்த்து, பறக்கவிட்டுப் பாருங்கள்.

குலிசிஃபேசிஸ் என்று எழுதி முற்றுப்புள்ளி வைப்பது

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கரையோரக் கசிவுகளிலும், மேட்டூரில் தண்ணீர் நிறுத்திய கோடையில் காவிரிப் படுகையின் பாறைக் குழிகளிலும் குலிசிஃபேசிஸ் கிடைக்கும். சிறகின் மூன்றாம் நரம்பு கருமையாக இருக்கிறதா என்று பார்த்து, அந்நரம்பு பெரும்பாலும் வெளிறியிருக்கும் ஃப்ளூவியாட்டிலிஸிலிருந்து அதைப் பிரித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நானும் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் அந்தப் பெயருக்குள் தமக்குள் கலக்காத ஐந்து சிற்றினங்கள் இருக்கின்றன; ஏ, பி, சி, டி, ஈ என்று அவற்றைக் குறிக்கிறார்கள். எந்த நுண்ணோக்கியின் கீழும் அவற்றின் புறத்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. 1980இல் கிரீன், மைல்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஏ, பி இரண்டையும் குரோமோசோம் பட்டைகளைக் கொண்டு பிரித்துக் காட்டினார்கள். சுப்பாராவும் அவருடைய குழுவினரும் அடுத்து சியையும் டியையும் கண்டார்கள். ஈ, இராமேசுவரம் தீவில் கிடைத்த கொசுக்களிலிருந்து 1999இல் அறிவிக்கப்பட்டது.

பி மாட்டை நாடுவது, மலேரியாவில் அதன் பங்கு மிகக் குறைவு. ஈ மனிதரை நாடுவது, திறன் மிக்க பரப்பி. இந்த இரண்டும் குரோமோசோம் பட்டைகளிலும் ஒன்றுபோலவே இருப்பதால் ஆணின் ஒய் குரோமோசோமின் வடிவத்தைப் பார்த்தோ, மூலக்கூறு முறையிலோதான் பிரிக்க வேண்டும். ஆகவே கட்டுத்தரையில் ஒரு மணி நேரத்தில் இத்தனை குலிசிஃபேசிஸ் பிடித்தோம், எனவே இந்த ஊருக்கு இவ்வளவு ஆபத்து என்று கணக்குப் போடுகிறவர்கள், அவற்றில் எது இருக்கிறது என்பதை அறியாமலேயே கணக்குப் போடுகிறார்கள். வயிற்றில் முட்டைகள் பாதி வளர்ந்த நிலையிலுள்ள பெண் கொசுக்களின் சூலகங்களை உரிய கரைசலில் பாதுகாத்து, குரோமோசோம் பார்க்கத் தெரிந்த ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஃப்ளூவியாட்டிலிஸுக்குள்ளும் இதே கதைதான். எஸ் (S) என்ற சிற்றினம் மனிதரை நாடுவது, டி (T), யு (U) இரண்டும் மாட்டை நாடுபவை.

புறத்தோற்றம் ஒன்றாக இருந்தும் குணம் வேறாக இருக்கும் என்பதை உலகம் முதலில் கற்றுக்கொண்டது ஐரோப்பாவில். மாக்குலிப்பென்னிஸ் என்ற கொசு நிறைந்த சில ஊர்களில் மலேரியா இருந்தது, அதே கொசு நிறைந்த வேறு ஊர்களில் இல்லை. பல ஆண்டுகள் விளங்காமல் இருந்த இந்தப் புதிரின் முடிச்சை 1926இல் அவிழ்த்தவர் ஃபல்லெரோனி என்ற இத்தாலியச் சுகாதார ஆய்வாளர். கொசுக்களைத் தனித்தனியே முட்டையிடச் செய்து, முட்டைகளின் மேலுள்ள கோலங்கள் வேறுபடுவதைக் கண்டு, அவர் அவற்றைப் பிரித்தார். நம்மைப் போல ஊர் ஊராகச் சென்று கொசு பிடித்த ஒருவர் அதைச் செய்தார் என்பதைப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் நான் தவறாமல் சொல்வேன்.

ஸ்டெஃபென்சியின் முட்டையைப் பார்க்காமல் விடுவது

முட்டையின் மிதவையில் உள்ள வரிகளை எண்ணுங்கள். 14 முதல் 22 வரை இருந்தால் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் மூல வடிவம். 9 முதல் 15 வரை இருந்தால் பெரும்பாலும் கிராமங்களில் காணப்படும், பரப்பும் திறன் குறைந்த மைசோரென்சிஸ் வடிவம். எண்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் ஒரே ஒரு முட்டையை நம்பாமல், ஒரு கொசு இட்ட பல முட்டைகளை எண்ணி, அதிகம் வரும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

வயிற்றில் கண்டதை வைத்துப் பரப்பி என்று அறிவிப்பது

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ரோஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் கண்டது ஒட்டுண்ணியின் கூடுகளை. அது மாபெரும் கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சிற்றினத்தைப் பரப்பி என்று இன்று நாம் எழுத வேண்டுமானால், ஒட்டுண்ணி வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் வந்து சேர்ந்திருப்பதைக் காட்டியாக வேண்டும். இரைப்பையில் வளர்ந்தும் சுரப்பியை எட்டாமல் போவது உண்டு. அறுக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் இரைப்பை எளிதாக வந்துவிடுவதால் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கழுத்தோடு சேர்த்து மெல்ல இழுத்தால் சுரப்பியும் வரும், கை பழக வேண்டும்.

தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதுவது

பயிற்சியின் கடைசி நாள் காலையில், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துப் பெண் ஒருவர் ஒரு வயல்வெளிச் சாளையில் (குடிசையில்) பிடித்த ஏழு கொசுக்களைக் கொண்டுவந்தார். நான்கை சப்பிக்டஸ் என்றும், இரண்டை வேகஸ் என்றும் சரியாகப் பிரித்திருந்தார். ஏழாவது குழாயில் ஒட்டியிருந்த சீட்டில், "அனோஃபிலிஸ், பெண், பால்ப்பில் மூன்று பட்டை, மூன்று கால்கள் இல்லை, இருப்பவற்றில் செதில் உதிர்ந்துள்ளது, சிற்றினம் சொல்ல முடியவில்லை" என்று எழுதியிருந்தார். நான் பார்த்தேன், என்னாலும் சொல்ல முடியவில்லை. அந்தச் சீட்டை அப்படியே பதிவேட்டில் ஒட்டச் சொன்னேன்.