கூண்டுப் பழக்கமும் நாய்க்குட்டியின் சுத்தமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வந்த நாய்க்குட்டி வீட்டுக்குள் கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கிறது என்பதற்காகக் கூண்டு வாங்குபவர்களில் பலர், கூண்டு வந்து சேர்ந்ததுமே பாதி வேலை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். தான் படுத்துறங்கும் இடத்தை அசுத்தம் செய்ய நாய்க்கு இயல்பாகவே ஒரு தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நம் கண் குட்டியின் மேல் இல்லாத சிறு இடைவெளிகளைக் கடப்பதற்குத்தான் கூண்டு உதவும். எங்கே கழிக்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுப்பது, நேரம் தவறாமல் குட்டியை வெளியே அழைத்துச் செல்லும் மனிதர். இந்த முறை பலிக்கவில்லை என்று கைவிடப்பட்ட வீடுகளில் பெரும்பாலும் நடந்திருப்பது, மனிதர் செய்ய வேண்டிய வேலையைக் கூண்டின் பொறுப்பில் விட்டதுதான்.

அந்தத் தயக்கம் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் சில தவறுகளை எளிதில் தவிர்க்கலாம். பிறந்த முதல் சில வாரங்களில் குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய் நக்கித் தூண்டும்போதுதான் கழிக்கும், தாயே அதைச் சுத்தம் செய்தும் விடும். ஏறத்தாழ 3 வார வயதில் கால் ஊன்றி நடக்கத் தொடங்கியதும், படுக்கும் இடத்தை விட்டுச் சற்று விலகிச் சென்று கழிக்கப் பழகுகிறது. 7 முதல் 9 வாரங்களுக்குள், எந்த வகைத் தரையில் கழிப்பது என்ற விருப்பமும் அதற்கு உருவாகத் தொடங்கிவிடும். புல்லில் பழகிய குட்டி புல்லைத் தேடும். சிமெண்டுத் தரையில் பழகியது சிமெண்டைத் தேடும். பிறந்தது முதல் குறுகிய அடைப்பில், உண்பதும் உறங்குவதும் கழிப்பதும் ஒரே இடத்தில் என்று வளர்ந்த குட்டிகளிடம் இந்தத் தயக்கம் மழுங்கிப்போயிருக்கும். அப்படிப்பட்ட குட்டியைக் கூண்டில் விட்டுவிட்டு, அடக்கிக்கொள்ளும் என்று காத்திருப்பதில் பயனில்லை. விரிப்பை உடனுக்குடன் மாற்றி, கூண்டை எப்போதும் உலர்வாக வைத்து, மற்றக் குட்டிகளைவிட அடிக்கடி வெளியே அழைத்துச் சென்று, சுத்தமான படுக்கையின் சுகத்தை முதலில் அதற்குப் பழக்க வேண்டும்.

கூண்டின் அளவில் செய்யும் பிழை

வளர்ந்த பிறகும் பயன்படட்டும் என்று பெரிய கூண்டாக வாங்குவது சிக்கனமான யோசனைதான். ஆனால் இடம் மிகுதியாக இருந்தால் குட்டி ஒரு மூலையில் கழித்துவிட்டு மறு மூலையில் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும். தலை இடிக்காமல் நிற்கவும், சிரமமின்றித் திரும்பவும், கால்களை நீட்டிப் படுக்கவும் போதுமான இடமே சரியான அளவு. பெரிய கம்பிக் கூண்டுகள் பலவற்றுடன் தடுப்பு ஒன்றும் வருகிறது. குட்டி வளர வளர அதை நகர்த்தி இடத்தைக் கூட்டிக்கொள்ளலாம். குட்டி வளர்ந்துவிட்டதைக் கவனியாமல், உடம்பைக் குறுக்கிக்கொண்டு படுக்க வேண்டிய சிறிய கூண்டிலேயே அதை வைத்திருப்பது கொடுமை. அதற்குப் பயிற்சி என்ற பெயர் பொருந்தாது.

அடக்கும் திறனை மிகையாக எண்ணுதல்

என் பார்வையில், எல்லாவற்றிலும் அதிகச் சேதம் விளைவிப்பது இந்தத் தவறுதான். குட்டியின் வயதை மாதக் கணக்கில் எடுத்து ஒன்றைக் கூட்டினால், அது அதிகபட்சம் எத்தனை மணி நேரம் அடக்கக்கூடும் என்பது தெரியும் என்று பயிற்சியாளர்கள் பொதுவாகச் சொல்வார்கள். அதன்படி 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். இது உச்ச வரம்பு மட்டுமே என்பதை மறந்து, அதையே கால அட்டவணையாக எடுத்துக்கொண்டு, 3 மணிக்கு ஒருமுறை வெளியே விட்டால் போதும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அமைதியாகத் தூங்கும்போது அத்தனை நேரம் தாங்கும் குட்டி, விழித்து ஓடியாடும்போது அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருமுறை கழிக்க வேண்டியிருக்கும். தூங்கி எழுந்த உடனேயும், தண்ணீர் குடித்த சற்று நேரத்திலும், விளையாட்டின் நடுவிலும், உணவு உண்ட 5 முதல் 30 நிமிடங்களுக்குள்ளும் அதை வெளியே கொண்டுபோக வேண்டும். வயிற்றில் உணவு விழுந்ததும் பெருங்குடல் இயங்கத் தொடங்குவது அனிச்சைச் செயல் என்பதால், உணவுக்கு நேரம் வரையறுத்தால் மலம் கழிக்கும் நேரமும் ஓரளவு வரையறைக்குள் வந்துவிடும். உணவுக் கிண்ணத்தை நாள் முழுவதும் தரையில் விட்டுவைத்தால் அந்த ஒழுங்கு ஒருபோதும் அமையாது.

வரம்பை மீறி அடைத்து வைத்தால் என்ன நடக்கிறது என்பதைக் கூண்டின் அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். குட்டி முதலில் எழுந்து நின்று மெல்ல முனகும், தரையை முகரும், கதவோரம் நகத்தால் பிறாண்டும், இரண்டு மூன்று முறை சுற்றிவரும். யாரும் வரவில்லை என்றால், படுக்கையிலிருந்து முடிந்தவரை தள்ளிப் பின்பக்கக் கம்பியோடு ஒட்டி நின்று கழித்துவிட்டு, பாதங்கள் நனையாமல் நிற்க இடம் தேடி, கிடைக்காமல், கடைசியில் ஈரத்திலேயே படுத்துவிடும். இது ஒருமுறை நடந்தால் விபத்து. பலமுறை நடந்தால், ஈரத்தில் படுப்பது அதற்குப் பழகிப்போய், நாம் நம்பியிருந்த அந்த இயல்பான தயக்கத்தை நாமே அழித்தவர்களாகிறோம். அதை மீட்பது, புதிதாகப் பழக்குவதைவிட நெடுநாள் பிடிக்கும் வேலை.

நாள் முழுவதும் வேலைக்குச் செல்பவர்கள், 8 மணி நேரமும் கூண்டில் பூட்டிவிட்டுச் செல்வதைத் தயவுசெய்து எண்ணிப் பார்க்கவே வேண்டாம். நடுவில் ஒருவர் வந்து குட்டியை வெளியே அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்ய வேண்டும். அதுவும் முடியாதபோது, சற்று அகலமான தடுப்பு வேலி ஒன்றை அமைத்து, திறந்த கூண்டை ஒரு பக்கமும் கழிப்பதற்கான இடத்தை மறு பக்கமும் வைத்துவிட்டுச் செல்லலாம். இதனால் பயிற்சி மெதுவாக நடக்கும் என்பது உண்மைதான், ஆனால் குட்டிக்கு வேதனை இல்லை.

இரவு அழுகை

தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் விட்டு வந்த முதல் இரவே, தனி அறையில், பூட்டிய கூண்டில் விடப்பட்ட குட்டி அழாமல் இருந்தால்தான் வியப்பு. "அழட்டும், கேட்காததுபோல் இருங்கள், தானாக அடங்கிவிடும்" என்று பரவலாகச் சொல்லப்படும் அறிவுரை இரண்டு வெவ்வேறு அழுகைகளை ஒன்றாகக் குழப்புகிறது. படுத்த சற்று நேரத்தில் துணை தேடி அழுவது ஒன்று. இரண்டு மணி நேரம் அயர்ந்து தூங்கிவிட்டு திடீரென எழுந்து அழுவது வேறு. இரண்டாவது, பெரும்பாலும் சிறுநீர் முட்டுகிறது என்பதற்கான அறிவிப்பு. அதைப் புறக்கணித்தால் குட்டி கூண்டுக்குள்ளேயே கழிக்கும்; அதோடு, தேவையைச் சொல்வதால் பயனில்லை என்றும் கற்றுக்கொள்ளும். கூண்டைப் படுக்கைக்கு அருகில் வைத்துக்கொண்டால் முதல் வகை அழுகை பெரிதும் குறையும், இரண்டாம் வகை உடனே காதில் விழும். இரவில் எழுப்பினால் விளக்குகளை எல்லாம் போடாமல், கொஞ்சாமல், கயிறு மாட்டி வெளியே கொண்டுபோய், கழித்ததும் மெல்லிய குரலில் பாராட்டிவிட்டுக் கூண்டுக்குத் திரும்பக் கொண்டுவந்தால், நள்ளிரவு விளையாட்டு நேரமன்று என்பது அதற்குப் புரியும்.

அழுகைக்கு மற்றொரு காரணம், கூண்டை அறிமுகப்படுத்துவதில் காட்டும் அவசரம். முதலில் கதவைத் திறந்தே வைத்து, உள்ளே தின்பண்டத் துண்டுகளைப் போட்டு, உணவையும் அங்கேயே கொடுத்து, உண்ணும் நேரத்துக்கு மட்டும் கதவைச் சாத்தி, பிறகு சில நிமிடங்கள் என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். நன்றாகப் பழகிய குட்டி, களைத்ததும் தானே உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். செருப்பைக் கடித்ததற்குத் தண்டனையாக ஒருமுறை கோபத்துடன் உள்ளே தள்ளிப் பூட்டினால்கூட இந்த நம்பிக்கை கெடலாம். குட்டி உள்ளே படுத்திருக்கும்போது குழந்தைகள் கையை விட்டுச் சீண்டாமல் பார்த்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

தண்டனை

தரையில் கிடக்கும் சிறுநீரில் மூக்கைத் தேய்ப்பது, உருட்டிய செய்தித்தாளால் அடிப்பது, குட்டியை இழுத்துவந்து கறையைக் காட்டித் திட்டுவது ஆகிய மூன்றையும் முற்றாகக் கைவிட வேண்டும். ஒரு செயலையும் அதன் விளைவையும் நாய் இணைத்துப் பார்ப்பது ஓரிரு நொடிகளுக்குள்தான். எப்போதோ கழித்ததற்கு இப்போது அடி விழுந்தால், அடித்தவரின் கையைக் கண்டு அஞ்ச மட்டுமே அது கற்றுக்கொள்ளும். செய்கிற கணத்தில் அடித்தாலும் விளைவு நல்லதாக இராது: மனிதர் முன்னால் கழித்தால் ஆபத்து என்று முடிவுகட்டி, சோபாவின் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் மறைந்து கழிக்கும்; வெளியே கயிற்றில் அழைத்துச் சென்றாலும், நாம் பக்கத்தில் நிற்பதால் கழிக்காமல் திரும்பிவிடும்.

"தப்பு செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்" என்பார்கள். நாய்களின் நடத்தையை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குற்ற உணர்வு முகம் உரிமையாளர் கடிந்துகொண்டபோதுதான் மிகுதியாகத் தோன்றியது. நாய் உண்மையில் தவறு செய்திருந்ததா இல்லையா என்பதோடு அதற்குத் தொடர்பு காணப்படவில்லை. தலையைத் தாழ்த்துவதும் காதைப் பின்னுக்கு மடிப்பதும் நம் கோபத்தைக் கண்டு எழும் அச்சம் என்றே கொள்ள வேண்டும். யாராவது குனிந்து தொட வரும்போதோ, மகிழ்ச்சி மிகுதியிலோ சில துளிகள் சிந்தும் குட்டிகளும் உண்டு. அது அதன் கட்டுப்பாட்டில் இல்லாதது, திட்டினால் இன்னும் அதிகமாகும். வீட்டுக்குள் கழித்துக்கொண்டிருக்கும்போது கண்ணில் பட்டால், மிரளாத அளவில் மெல்லக் கைதட்டி நிறுத்தி, தூக்கிக்கொண்டு வெளியே போவதே போதுமானது. நாம் காணாமல் நடந்ததைச் சுத்தம் செய்வதைத் தவிர வேறு எதுவும் செய்வதற்கில்லை.

சுத்தம் செய்வதிலும் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. சிறுநீரின் வாடையில் அம்மோனியா உண்டு என்பதால், அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்தால், குட்டிக்கு அந்த இடம் மறுபடி அழைப்பு விடுப்பதுபோல் ஆகும். மனித மூக்குக்கு வாசனையாக இருப்பது போதாது. செல்லப்பிராணிகளின் கழிவுக்கென்று விற்கப்படும், நொதிகள் கொண்ட திரவமே வாடையின் மூலப்பொருளைச் சிதைக்கும்.

வெளியே நடக்கும் தவறுகள்

கதவைத் திறந்து குட்டியைத் தோட்டத்தில் விட்டுவிட்டு உள்ளிருந்து பார்ப்பவர்களுக்கு அது கழித்ததா இல்லையா என்பது தெரியாது. வண்ணத்துப்பூச்சியைத் துரத்தி முடித்து உள்ளே வந்ததும் நடுக்கூடத்தில் கழித்துவிடும். கயிறு மாட்டி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குக் கூட்டிச் சென்று, பேச்சுக் கொடுக்காமல் சில நிமிடங்கள் நின்றால் போதும். கழிக்கவில்லை என்றால், உள்ளே வந்து 10 அல்லது 15 நிமிடங்கள் கூண்டிலோ மடியிலோ வைத்திருந்துவிட்டு மீண்டும் கொண்டுபோக வேண்டும். தின்பண்டத்தை வீட்டுக்குள் வந்த பிறகு கொடுத்தால், உள்ளே வந்ததற்கான பரிசாகவே குட்டி அதை எடுத்துக்கொள்ளும். கழித்து முடித்த நொடியில், நின்ற இடத்திலேயே கொடுக்க வேண்டும். கழித்த உடனே உள்ளே தூக்கிவந்துவிடுவதும் பலர் அறியாமல் செய்யும் தவறு. கழித்தால் வெளியுலகம் முடிந்துவிடுகிறது என்று கண்டுகொண்ட குட்டி, கூடுமானவரை தள்ளிப்போடக் கற்றுக்கொள்ளும். கழித்த பிறகுதான் விளையாட்டு, நடை என்று வைத்துக்கொண்டால் காரியம் விரைவில் முடியும்.

தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியைப் பிற நாய்கள் வந்துபோகும் இடத்தில் விடக் கூடாது. குட்டிகளுக்குக் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். தொடரின் கடைசி ஊசி 16 வார வயதிலோ அதன் பிறகோ போடப்படுவதால், அதுவரை சொந்த வளாகத்துக்குள்ளோ மொட்டை மாடியிலோ சுத்தமான ஓர் இடத்தை ஒதுக்குவதே பாதுகாப்பு.

சில எச்சரிக்கைகள்

கூண்டில் விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். கம்பியில் மாட்டிக்கொண்டால் குட்டியின் கழுத்து நெரிபடும். வெயில் விழும் சன்னல் ஓரத்தில் கூண்டை வைக்கக் கூடாது. சிறுநீரைக் குறைப்பதற்காகப் பகலில் தண்ணீர் கொடுக்காமல் இருப்பது ஆபத்தானது. உறங்கப்போவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பு கிண்ணத்தை எடுத்துவைப்பது மட்டும், வெப்பம் மிகுந்த நாளாக இல்லாவிட்டால், ஏற்கத்தக்கது.

ஒரு வாரம் தவறே நடக்கவில்லை என்றதும் வீடு முழுவதையும் திறந்துவிடுவது அவசரம். குட்டி ஓர் அறையில் பல வாரங்கள் சுத்தமாக இருந்த பிறகு அடுத்த அறை என்று விரிவாக்குவதே சரி. முழுமையாகப் பழகுவதற்குப் பல குட்டிகள் 6 மாதம் வரையிலும், சிறிய இன நாய்கள் அதற்கு மேலும் எடுத்துக்கொள்ளும். நன்றாகப் பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சிறிது சிறிதாகக் கழித்தாலோ, முக்கினாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, பயிற்சியில் குறை தேடிக்கொண்டிராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். சிறுநீர்ப் பாதைத் தொற்று குட்டிகளுக்கு, குறிப்பாகப் பெண் குட்டிகளுக்கு, வரக்கூடியது, அதற்கு மருந்தும் உண்டு.