வெளியே திரியும் வீட்டுப் பூனை: வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

கோடை வந்தால் மொட்டைமாடியில் குருவிகளுக்குத் தண்ணீர் வைக்கிறோம். நல்ல காரியம். ஆனால் அதே வீட்டுப் பூனை இஷ்டத்துக்கு வெளியே போய்வருமானால், தரையில் வைத்த அந்தத் தட்டு அதற்கு வேட்டைக்களமாகிவிடும். பூந்தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்தால் போதும், இரை தானாக வந்து இறங்கும். தட்டை உயரத்தில், சுற்றிலும் மறைவில்லாத இடத்தில் வையுங்கள். இது சின்னத் தவறு. பெரியவை வேறு இருக்கின்றன.

“எங்க பூனை ரொம்ப சாது, எதையும் பிடிக்காது” என்று சொல்லாத பூனைக்காரர் குறைவு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்ற ஊரில் 55 வளர்ப்புப் பூனைகளின் கழுத்தில் சிறு கேமரா மாட்டிப் பார்த்தார்கள். 44 சதவீதப் பூனைகள் வேட்டையாடின. பிடித்ததில் வீடுவரை வந்து சேர்ந்தது கால்வாசிகூட இல்லை; ஏறக்குறைய பாதி, பிடித்த இடத்திலேயே போடப்பட்டிருந்தது. அதிகம் சிக்கியவை ஓணான் மாதிரியான பல்லிகள். நம் தோட்டத்தில் அரணையும் தவளையும் குறைந்தால் யார் கவனிக்கிறோம்? வாசலில் அணில் செத்துக் கிடந்தால்தான் கண்ணில் படுகிறது.

தவிட்டுக்குருவிக் குஞ்சைப் பார்த்திருப்பீர்கள். கூட்டைவிட்டு இறங்கிய முதல் சில நாள் அதற்குச் சரியாகப் பறக்க வராது. செம்பருத்திச் செடிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, வாயைப் பிளந்து தீனிக்குக் கத்திக்கொண்டே இருக்கும். திடீரென்று பெரிய குருவிகளெல்லாம் கூடி ஒரே கூச்சலாகக் கத்தினால், பக்கத்தில் பாம்போ பூனையோ வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தையல்சிட்டின் பாடு இன்னும் மோசம். இலைகளைத் தைத்து, இடுப்புயரச் செடியிலேயே கூடு கட்டிவிடும்.

“வயிறு நிறையப் போட்டால் ஏன் வேட்டையாடப்போகிறது?” என்பது அடுத்த நம்பிக்கை. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. வயிறு நிறைந்த பூனையும் அசைவதைப் பார்த்தால் பாயும். அதற்காக உணவு முக்கியமில்லை என்றாகாது. இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், தானியம் சேர்க்காத, இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்தபோது பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. நம் வீடுகளிலோ பால்சோறும் தயிர்சாதமும்தான் விழுகிறது. பூனை முழு மாமிசப் பிராணி. அதை மீனோ கறியோ இல்லாமல் வளர்ப்பது அதற்கே செய்கிற கொடுமை. அதே ஆய்வில், தினமும் 5 முதல் 10 நிமிடம் இறகு கட்டிய குச்சியால் விளையாட்டுக் காட்டியதும் இரையை 25 சதவீதம் குறைத்தது. காசில்லாத வைத்தியம்.

சரி, மணி கட்டினால்? அந்த ஆய்வில் மணியால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. பறவைகளின் கண்ணில் படும்படி பளிச்சென்ற வண்ணத் துணிப்பட்டை கட்டியபோது மட்டும், பிடிபட்ட பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. எலி போன்ற பாலூட்டிகளுக்கு அதுவும் கைகொடுக்கவில்லை. எதைக் கட்டினாலும், கிளையில் மாட்டினால் தானே கழன்றுகொள்ளும் பட்டையாக இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், மன்னிக்க முடியாத தவறு கருத்தடையைத் தள்ளிப்போடுவதுதான். பெண் பூனை 4, 5 மாதத்திலேயே சினையாகலாம். சுமார் 65 நாளில் குட்டி போடும், ஒரே வருடத்தில் இரண்டு மூன்று முறைகூட. அப்புறம் என்ன நடக்கும்? குட்டிகளைக் கோணிப்பையில் போட்டு மீன் மார்க்கெட்டிலோ கோயில் வாசலிலோ விட்டுவருவார்கள். ‘எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்’ என்று ஒரு சமாதானம் வேறு. வளர்த்த பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். தப்பிப் பிழைக்கும் குட்டி, கிடைத்ததையெல்லாம் வேட்டையாடித்தான் பிழைக்கும். அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013இல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத பூனைகளுடையது.

நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894இல் கலங்கரை விளக்கம் வந்தது, கூடவே பூனையும் வந்தது. அங்கே மட்டும் எஞ்சியிருந்த, பறக்கத் தெரியாத ஒரு குட்டிப் பறவை ஓரிரு ஆண்டுகளில் அற்றுப்போனது. காவலரின் ஒரே பூனை தின்று தீர்த்தது என்று கதை சொல்வார்கள். உண்மையில் தீவில் பூனைகள் பெருகிவிட்டிருந்தன.

பூனை கவ்விய குருவியைப் பிடுங்கி, ‘ரத்தமே வரவில்லை’ என்று உடனே பறக்கவிடுவதும் தவறு. பூனையின் வாயில் உள்ள பாக்டீரியா சின்னப் பல்குத்தின் வழியே உள்ளே போனாலும் ஓரிரு நாளில் பறவை செத்துவிடலாம். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவில் 2022 ஜூலை 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும். நமக்கு அப்படிச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. புறாவுக்குப் பயந்து பால்கனிக்கு வலை போடுகிறோமே, அதையே பூனை கடித்தாலும் அறுந்துபோகாத கம்பி வலையாகப் போடலாம். ஏறி உட்கார உயரமான பலகை, பிராண்ட ஒரு சாக்குக் கட்டை, மலம் கழிக்க மண் தட்டு, ஜன்னலோரம் ஓர் இடம் இருந்தால் பெரும்பாலான பூனைகள் பழகிவிடும். குட்டியிலிருந்தே பழக்குவது எளிது. வளர்ந்த பூனை என்றால், முதலில் சாயங்காலம் முதல் விடிந்து நன்றாக வெயில் ஏறும்வரை உள்ளே வையுங்கள். பிறகு மெதுவாக நேரத்தைக் கூட்டலாம். தொடக்கத்தில் கதவடியில் நின்று கத்தும். பாவம் என்று அப்போது திறந்துவிட்டீர்களானால், மறுநாள் இன்னும் உரக்கக் கத்தும்.