புதிய மரச் சிற்றினத்தை விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூமியில் சுமார் 73,000 மரச் சிற்றினங்கள் இருக்கலாம், அவற்றில் ஏறத்தாழ 9,200 இன்னும் பெயர் பெறவில்லை என்று 2022ல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு மதிப்பிட்டது. இவை எல்லாமே யாரும் கால் வைக்காத காட்டில் நிற்பவை அல்ல. பல ஏற்கெனவே ஹெர்பேரிய (உலர்தாவரக் காப்பக) அலமாரிகளில் 'இனம் தெரியவில்லை' என்ற சீட்டோடு கிடக்கின்றன. புதிய பூக்கும் தாவரங்களில் 16 சதவீதம் மட்டுமே சேகரித்த 5 ஆண்டுகளுக்குள் விவரிக்கப்பட்டன, ஏறத்தாழ கால்வாசி 50 ஆண்டுகளுக்கும் மேல் பழைய மாதிரிகளிலிருந்து வந்தவை என்று 2010ல் வெளியான இன்னோர் ஆய்வு காட்டியது. இந்தத் தாமதத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் முதல் நாளே ஒழுங்காகச் சேகரித்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடியவையும் அவற்றில் உண்டு.

கிளையை வெட்டும்போதே நடக்கும் தவறுகள்

மரம் ஹெர்பேரியத் தாளில் அடங்காது. 42 × 28 செ.மீ. அளவுள்ள அந்தத் தாளில் எது ஒட்டப்படுகிறதோ, அதுவும் சீட்டில் எழுதியதும்தான் பிறருக்குக் கிடைக்கும் சான்று. இதை மறந்து கைக்கு எட்டிய கிளையை ஒடித்துக்கொண்டு வருவதுதான் முதல் தவறு. அடிமரத்தில் துளிர்த்த கிளையின் இலையும், நிழலில் வளர்ந்த கன்றின் இலையும், உச்சியில் வெயில் படும் இலையைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கலாம். விளிம்பு கூட மாறும்: கன்றில் பல்விளிம்பு, வளர்ந்த மரத்தில் முழுவிளிம்பு. பூவோ காயோ உள்ள உச்சிக் கிளையைத் தொரட்டியாலோ, ஏறியோ எடுக்க வேண்டும். கன்றின் இலையையும் எடுக்கலாம், ஆனால் தனித் தாளில், 'கன்று' என்று குறித்து.

தரையில் கிடக்கும் காய் பெரிய பொறி. மேலே பின்னிய கொடியின் காயும் பக்கத்து மரத்தின் காயும் அதே இடத்தில்தான் விழும். அதைத் தனி உறையில் போட்டு 'தரையிலிருந்து எடுத்தது' என்று எழுதாமல் கிளையோடு சேர்த்து ஒட்டிவிட்டால், இரண்டு தாவரங்கள் கலந்த ஒரு போலி மரம் பிறந்துவிடும். பூச்சிகளால் உண்டாகும் கழலைகளையும் காயாக எண்ணுவார்கள். அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: உள்ளே விதை இருக்காது, புழு இருக்கும் அல்லது வெற்றறை இருக்கும்.

தனியிலையா, கூட்டிலையின் சிற்றிலையா என்ற குழப்பத்துக்கு ஒரே விடை கோண மொட்டு. காம்பின் அடியில் மொட்டு இருந்தால் அது இலை. இல்லையென்றால் சிற்றிலை, மொட்டு கிடைக்கும்வரை கீழே போய், அங்கே வெட்டுங்கள். நுனிமொட்டையும் இலையடிச் செதிலையும் விட்டுவிடாதீர்கள். செதில் உதிர்ந்திருந்தால் அதன் தழும்பாவது தாளில் இருக்க வேண்டும். அழுத்தும்போது ஓர் இலையையாவது திருப்பி வையுங்கள். எல்லா இலையும் மேல்முகம் காட்டினால், அடிமுகத்து ரோமத்தைப் பார்க்க ஒட்டிய இலையைப் பிய்க்க வேண்டியிருக்கும்.

தாளில் ஏறாதவற்றை அங்கேயே எழுதியாக வேண்டும். மார்பளவு விட்டம் 1.3 மீட்டர் உயரத்தில், பலகை வேர் இருந்தால் அதற்கு மேலே. பட்டை உரிவதா, வெடித்ததா. பட்டையைக் கத்தியால் சிறிது சீவிப் பார்த்தால் உட்பட்டையின் நிறம், வாசனை, வடியும் பால் அல்லது சாறு தெரியும். பலர் சீவிய உடனே எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சில நிமிடங்கள் நில்லுங்கள். நிறமற்று வடிந்தது சிவக்கும், அல்லது கறுக்கும். அந்த மாற்றம் குடும்பத்தையே சொல்லிவிடும். ஜாதிக்காய்க் குடும்பத்தில் சிவப்புச் சாறு நல்ல அடையாளம். மாமரக் குடும்பத்தில் காற்றுப் பட்டதும் கறுக்கும் சாறு பல உண்டு, சில தோலைப் புண்ணாக்கும், எனவே விரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. பூவின் நிறமும் மணமும் காய்ந்தால் போய்விடும். சில பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். அழுத்திய பூவில் சூற்பையின் அறைகளை எண்ணுவது பெரும் சிரமம்.

டி.என்.ஏ.வுக்கான இலையை அன்றே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் போட வேண்டும். இளம் இலையைத் துண்டு துண்டாகக் கிழித்து, எடையில் 10 மடங்கு ஜெல். ஒரு நாளுக்குள் நொறுங்கும் அளவு காயவில்லையென்றால் ஜெல்லை மாற்றுங்கள். ஆல்கஹாலில் ஊறவைத்துப் பிறகு காயவைத்த மாதிரிகளில் டி.என்.ஏ. பெரும்பாலும் சிதைந்துவிடும். பெருவின் மனு தேசியப் பூங்காவில் 1973ல் சேகரிக்கப்பட்ட, ஆரஞ்சு நிறக் காய் தரும் ஒரு சிறுமரம் எந்தக் குடும்பம் என்றே பல பத்தாண்டுகள் நிபுணர்களுக்குப் பிடிபடவில்லை. பழைய உலர்மாதிரியிலிருந்து டி.என்.ஏ. எடுக்கும் முயற்சி பலிக்கவில்லை. அதே காட்டிலிருந்து புதிதாக இலை எடுத்துவந்த பிறகுதான் விடை கிடைத்து, 2021ல் ஈனிக்மனு ஆல்வரேசியே என்ற பெயர் வந்தது.

அனுமதியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சேகரிப்பு அனுமதி, வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் ஏற்றுமதி அனுமதி, மரபு வளங்களின் பயனைப் பகிர்வது பற்றி 2014 முதல் நடைமுறையில் உள்ள நகோயா நெறிமுறையின்படி தேவைப்படும் ஒப்புதல் எல்லாம் கிளையை வெட்டுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பிறகு வாங்க முடியாது.

'புதிது' என்று அவசரப்படுவது

உள்ளூர்த் தாவர நூலின் திறவுகோலில் (பண்புகளை வைத்துப் படிப்படியாக இனம் காணும் பட்டியலில்) பொருந்தவில்லை என்பதால் ஒரு மரம் புதிதாகிவிடாது. அந்தப் பேரினம் அண்டை நாடுகளிலும் இருக்கும். மரங்களுக்கு அரசியல் எல்லை தெரியாது. யாரோ நட்ட அயல்நாட்டு மரம் காட்டில் தப்பி வளர்ந்திருக்கவும் கூடும். பேரினம் முழுவதற்குமான ஆய்வு நூலைப் பார்க்க வேண்டும். மறக்கப்பட்ட இணைப்பெயர்களைத் தேடுவது அதைவிட முக்கியம். 100 ஆண்டுகளுக்கு முன் யாரோ வைத்த பெயரை, 'இது அந்தப் பொதுவான மரம்தான்' என்று இன்னொருவர் கரைத்திருப்பார். உங்கள் மரம் அதுவாக இருந்தால் அந்தப் பழைய பெயரை மீட்க வேண்டும், புதுப் பெயர் வைக்கக் கூடாது.

ஒப்பீட்டை இணையப் புகைப்படங்களோடு முடித்துக்கொள்வது அடுத்த தவறு. அந்தப் படங்களில் பாதிக்குப் பெயரே தவறாக இருக்கலாம். நெருங்கிய சிற்றினங்களின் வகைமாதிரித் தாளையே, அதாவது அந்தப் பெயருக்கே ஆதாரமான மாதிரியையே, பாருங்கள். பெரிய ஹெர்பேரியங்கள் அவற்றை உயர்தரப் படங்களாக இணையத்தில் வைத்திருக்கின்றன. ஆணும் பெண்ணும் தனித்தனி மரமாக உள்ள பேரினங்களில் கூடுதல் கவனம் தேவை. ஆண் மஞ்சரி நீண்டு, பூ நிறைந்து இருக்கும். பெண் மஞ்சரி குட்டையாக இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டை நம்பி ஒரே சிற்றினத்துக்கு இரண்டு பெயர் வைத்த கதை வகைப்பாட்டில் புதிதல்ல.

டி.என்.ஏ. பட்டைக்குறியீடு (குறிப்பிட்ட மரபணுத் துண்டை வைத்து இனம் காணும் முறை) தீர்ப்பு அல்ல. ஆர்.பி.சி.எல்., மேட்.கே. என்ற இரண்டு பசுங்கணிக மரபணுக்களும் சேர்ந்து சுமார் 72 சதவீதச் சிற்றினங்களையே பிரித்துக் காட்டும் என்று 2009ல் அவற்றைப் பரிந்துரைத்தவர்களே எழுதினார்கள். ஓக் போன்ற, கலப்பினம் சகஜமான பேரினங்களில் ஒரே காட்டில் நிற்கும் வெவ்வேறு சிற்றினங்கள் ஒரே பசுங்கணிகத்தைப் பகிர்ந்துகொள்ளும். தரவுத்தளத்தில் '99 சதவீதப் பொருத்தம்' என்று வந்தால், அங்கே பதிவான இனங்களில் இதுதான் நெருக்கமானது என்பதுதான் பொருள்.

விவரணையும் வேறுபாட்டுக் குறிப்பும்

'இலை 8–12 செ.மீ.; அந்த இனத்தில் 10–16 செ.மீ.' என்று எழுதினால் 11 செ.மீ. இலை எந்த இனம்? ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவுகளை மட்டும் வைத்துக் கட்டிய சிற்றினம் அடுத்த ஆய்வாளரிடமே விழுந்துவிடும். வேறுபாட்டுக் குறிப்பு இப்படி இருக்க வேண்டும்: 'இலையின் அடிமுகம் மயிரற்றது, நட்சத்திர ரோமம் கொண்டதல்ல, சூற்பை 3 அறைகள் கொண்டது, 5 அல்ல, கனி வெடிக்காது.' ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு மூன்று பண்புகள், பல மரங்களில் மாறாமல் இருப்பவை. அளவும் வேண்டும்தான், எத்தனை மரங்களில் எடுத்தது, பச்சையிலா காய்ந்ததிலா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். காய்ந்த பூவின் அல்லியைக் கொதிநீரில் ஊறவைத்து விரித்த பிறகே அளக்க வேண்டும். ஒரு இனத்துக்கு ஊறவைத்த அளவும் இன்னொன்றுக்குக் காய்ந்த அளவும் ஒப்பிட்டால் இல்லாத வேறுபாடு முளைக்கும்.

பேரினத்தின் திறவுகோலில் உங்கள் இனத்தைச் செருகிப் பாருங்கள். செருக முடியவில்லையென்றால் வேறுபாடு இன்னும் உங்களுக்கே தெளிவாகவில்லை.

பெயரைச் செல்லாததாக்கும் பிழைகள்

இங்கேதான் நல்ல கண்டுபிடிப்புகள் வீணாகின்றன. பன்னாட்டுத் தாவரப் பெயரிடல் நெறியின்படி ஒரு புதிய சிற்றினத்தின் பெயர் செல்லுபடியாக இலத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணை அல்லது வேறுபாட்டுக் குறிப்பு வேண்டும் (ஆங்கிலம் 2012 முதல் ஏற்கப்படுகிறது); 'டைப்' அல்லது 'ஹோலோடைப்' (பெயருக்கு ஆதாரமான அந்த ஒரே மாதிரி) என்ற சொல்லோடு வகைமாதிரி குறிக்கப்பட வேண்டும்; அது இருக்கும் ஒரே ஒரு ஹெர்பேரியத்தின் பெயரும் வேண்டும். பின்னைய இரண்டும் 1990 முதல் கட்டாயம். இரண்டு ஹெர்பேரியங்களைப் போட்டு, எதில் உள்ளது ஹோலோடைப் என்று சொல்லாமல் விட்டால் பெயர் செல்லாது. புகைப்படமோ, நிற்கும் மரமோ வகைமாதிரி ஆகாது.

அதிகம் வழுக்கும் இடம் இது: மார்ச்சில் ஒரு மரத்தில் பூ எடுக்கிறீர்கள். ஆகஸ்டில் அதே மரத்தில் காய் எடுக்கிறீர்கள். ஒரே மரம்தானே என்று இரண்டையும் சேர்த்து ஹோலோடைப் என்று எழுதினால் பெயர் செல்லாது. மரம் ஒன்றானாலும் சேகரிப்பு இரண்டு. ஒவ்வொரு முறைக்கும் தனி எண் கொடுத்து, பெரும்பாலும் பூ உள்ள சேகரிப்பிலிருந்து ஒரு தாளை ஹோலோடைப் ஆக்குங்கள். அதே சேகரிப்பின் பிற தாள்கள் ஐசோடைப். விவரணையில் சுட்டும் காய்த் தாள் பாராடைப்.

பெயரின் பால் விகுதி தவறினால் திருத்திக்கொள்ளலாம், பெயர் சாகாது. ஆனாலும் கவனியுங்கள்: குவெர்கஸ், ஃபைகஸ் போன்றவை '-அஸ்' என்று முடிந்தாலும் இலத்தீனில் பெண்பால். அதே பேரினத்தில் அதே பெயர் முன்பே வந்திருந்தால் மட்டும் தப்ப வழியில்லை; பன்னாட்டுத் தாவரப் பெயர் அட்டவணையில் முதலில் தேடுங்கள். நாளிதழ்ச் செய்தியால் பெயர் வெளியானதாக ஆகாது. இணையத்தில் மட்டும் வரும் இதழென்றால் ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ்ப் பதிவெண்ணுள்ள, பி.டி.எஃப். வடிவ வெளியீடாக இருக்க வேண்டும்.

ஒரே இடத்தில் கண்டோம் என்பதால் 'மிக அருகிய இனம்' ஆகாது

ஐ.யூ.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) அளவுகோலில் பரப்பு குறைவாக இருப்பது மட்டும் போதாது. துண்டுபட்ட வாழிடம் அல்லது மிகக் குறைந்த அமைவிடங்கள், தொடரும் சரிவு, கடும் ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றில் இரண்டையாவது காட்ட வேண்டும். ஒரே ஒரு மரத்தைக் கண்டிருந்தால் வாழ்பரப்பு 2 × 2 கி.மீ. கட்டம் ஒன்று, அதாவது 4 சதுர கி.மீ. என்றுதான் வரும்; அது தேடியது போதாததாலும் இருக்கலாம். எத்தனை நாள், எந்தெந்தப் பகுதியில் தேடினீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் மதிப்பீடு ஐ.யூ.சி.என்.-இன் சிவப்புப் பட்டியலில் ஏறும்வரை தற்காலிகமானதே.

வெட்டுமரமாகவோ அலங்கார மரமாகவோ விலைபோகக்கூடிய இனமென்றால் துல்லியமான ஜி.பி.எஸ். புள்ளியை அச்சில் தராதீர்கள். ஆயத்தொலைவைத் தசம அளவில் ஓர் இலக்கத்துக்குச் சுருக்கினால் சுமார் 11 கி.மீ. துல்லியமே மிஞ்சும். சரியான புள்ளி ஹெர்பேரியக் காப்பாளரிடம் இருக்கட்டும். பொதுப்பார்வைக்குப் போகும் தாளின் படத்திலும் சீட்டில் அந்த வரியை மறைக்கச் சொல்லுங்கள். கட்டுரையில் சுருக்கிவிட்டுச் சீட்டில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது.