பூட்டு போட்டும் கணக்கு உதைக்கிறதா? கோ மொழியில் டேட்டா ரேஸைப் பிடிக்கும் முறை

எட்டு சர்வர்களின் லாக் கோப்புகளைப் படித்து, அவற்றில் 500 என்ற பிழை எண் மொத்தம் எத்தனை முறை வந்திருக்கிறது என்று கூட்டிச் சொல்லும் சிறு நிரல் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. கோப்புக்கு ஒரு கோரூட்டீன் (மற்றவற்றோடு ஒரே காலத்தில் ஓடும் தனி வேலை) என்று பிரித்து எழுதியதும் வேலை சட்டென்று முடிந்தது. ஆனால் ஓட்டும்போதெல்லாம் விடை மாறியது. அதே கோப்புகளில் சொல்லைத் தேடும் கட்டளையான கிரெப்பைக் கொடுத்து எண்ணிப் பார்த்தால், என் நிரலின் கூட்டுத்தொகை எப்போதும் சற்றுக் குறைவாகவே இருந்தது. காரணம் டேட்டா ரேஸ், அதாவது பல கோரூட்டீன்கள் ஒரே தரவை ஒரே நேரத்தில் தொட்டு மாற்றி மோதிக்கொள்வது. அந்தச் சிக்கலை அவிழ்த்த வழியை, பல வேலைகளை ஒரே காலத்தில் நடத்தும் நிரல்களை இப்போதுதான் எழுதத் தொடங்கியிருப்பவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். கோ மொழியை நிறுவி, ஒரு சிறு நிரலையாவது ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: தவறை வேண்டுமென்றே வரவழையுங்கள்

பூஜ்யத்தில் தொடங்கும் ஒரு மாறியை வைத்துக்கொண்டு, 1000 கோரூட்டீன்களைக் கிளப்பி, ஒவ்வொன்றும் அந்த மாறியில் ஒன்றைக் கூட்டும்படி எழுதுங்கள். எல்லாம் முடியும்வரை காத்திருக்க வெயிட்குரூப்பைப் பயன்படுத்துங்கள். அதன் 'ஆட்' அழைப்பு, கோரூட்டீனைக் கிளப்பும் வரிக்கு முன்னால் இருக்க வேண்டும், கோரூட்டீனுக்கு உள்ளே இருக்கக் கூடாது. சில முறை ஓட்டினால் 1000-க்குக் குறைவான எண் வருவதைக் காண்பீர்கள். நம் கண்ணுக்கு ஒரே வரியாகத் தெரியும் '++', உண்மையில் மூன்று வேலைகள்: மதிப்பைப் படிப்பது, ஒன்றைக் கூட்டுவது, திரும்ப எழுதுவது. இரண்டு கோரூட்டீன்கள் ஒரே நேரத்தில் 41 என்று படித்துவிட்டால், இரண்டுமே 42 என்றுதான் எழுதும். ஒரு கூட்டல் காணாமல் போய்விடும்.

இடையே ஒரு செய்தி: மாறிகளுக்குத் தமிழில் பெயரிட விரும்புபவர்களுக்குக் கோ முழுமையாக இடம் கொடுப்பதில்லை. அதன் விதிப்படி எழுத்துகளும் இலக்கங்களும் அடிக்கோடும்தான் பெயரில் வரலாம். தமிழின் புள்ளி, கால், கொம்பு போன்ற குறிகள் யூனிகோடில் எழுத்து வகையில் சேரவில்லை. ஆகவே 'பல' என்று பெயரிடலாம், 'பால்' என்று பெயரிட முடியாது. ஆகவே இங்கே நான் தமிழில் எழுதும் பெயர்களையும் கட்டளைகளையும் ஆங்கில எழுத்திலேயே தட்டச்சிடுங்கள்.

படி 2: ரேஸ் டிடெக்டரை ஓட்டுங்கள்

'கோ ரன்' கட்டளையில் '-ரேஸ்' என்ற ஒற்றைச் சொல்லைச் சேர்த்தால் போதும். 2013-இல் வந்த கோ 1.1 பதிப்பிலிருந்தே இந்தக் கருவி உடன் வருகிறது. 'வார்னிங்: டேட்டா ரேஸ்' என்று தொடங்கும் அறிக்கையில் மூன்று பகுதிகளைத் தேடுங்கள். முதலாவது, இப்போது படிக்கும் அல்லது எழுதும் வரி. இரண்டாவது, அதே நினைவக இடத்தை முன்பு தொட்ட வரி. மூன்றாவது, அந்தக் கோரூட்டீன்கள் எந்த வரியில் பிறந்தன என்பது. பலர் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவதையும் சேர்த்துப் படித்தால்தான், யாரோடு யார் மோதுகிறார்கள் என்பது விளங்கும்.

பிரிண்ட் வரிகளைப் போட்டுத் தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அச்சிடுவதற்கு ஆகும் நேரமே கோரூட்டீன்களின் ஓட்டத்தை மாற்றி, மோதலை மறைத்துவிடக் கூடும். டெல்வ் நல்ல டீபக்கர்தான், ஆனால் நிரலை நடுவில் நிறுத்திப் பார்க்கும்போதும் இதே குறை உண்டு. ரேஸ் டிடெக்டர் நினைவகத்தை 5 முதல் 10 மடங்கும் நேரத்தை 2 முதல் 20 மடங்கும் கூடுதலாக எடுக்கும் என்பதால், அதைச் சோதனைகளோடு ஓட்டுங்கள். உண்மையில் ஓடிய வரிகளில் நேர்ந்த மோதலைத்தான் அது சொல்லும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 3: பூட்டு; நான் மாட்டிக்கொண்ட இடம்

ஒரே ஓர் எண்ணைக் கூட்டுவதுதான் வேலை என்றால், பூட்டே வேண்டாம். படிப்பது, கூட்டுவது, எழுதுவது மூன்றையும் பிரிக்க முடியாத ஒரே வேலையாகச் செய்யும் அட்டாமிக் பொதியில் உள்ள இன்ட்64 வகை போதும். நான் அடுத்ததாக எல்லாப் பிழை எண்களையும் தனித்தனியே எண்ண விரும்பி, ஒரு மேப்பையும் (பிழை எண்ணுக்கு எதிரே அதன் எண்ணிக்கையை வைக்கும் அட்டவணை) ஒரு மியூட்டெக்ஸையும் (ஒரு நேரத்தில் ஒரு கோரூட்டீனை மட்டும் உள்ளே விடும் பூட்டு) ஒரே ஸ்ட்ரக்டில் (பல மதிப்புகளின் தொகுப்பு) வைத்து, கூட்டும் மெத்தடின் தொடக்கத்தில் பூட்டி, முடிவில் திறந்தேன். அப்படியும் நிரல் 'கன்கரண்ட் மேப் ரைட்ஸ்' என்று சொல்லிப் பாதியில் விழுந்தது. பூட்டும் வரி கண்ணெதிரே இருக்கிறது, திறக்கும் வரியும் இருக்கிறது. ஒரு மாலை முழுவதும் அந்த நான்கு வரிகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

தவறு அந்த வரிகளில் இல்லை, மெத்தடின் தலைப்பில் இருந்தது. ரிசீவரை (மெத்தட் எந்த ஸ்ட்ரக்டின் மீது இயங்குகிறதோ அதை) பாயின்டராக (அது இருக்கும் இடத்தின் முகவரியாக) எழுதாமல் வெறும் மதிப்பாக எழுதியிருந்தேன். அப்படி எழுதினால், ஒவ்வோர் அழைப்பின்போதும் ஸ்ட்ரக்ட் நகலெடுக்கப்படும். மேப்பின் நகல் அதே பழைய தரவைத்தான் சுட்டும், ஆனால் மியூட்டெக்ஸின் நகல் புத்தம்புதுப் பூட்டு. அறை ஒன்றுதான், ஆனால் அதன் கதவைப் பூட்டாமல், உள்ளே வரும் ஒவ்வொருவரும் தத்தம் பையில் உள்ள பூட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். ரிசீவரின் வகைப்பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறியைச் சேர்த்ததும் எல்லாம் சரியாயிற்று.

படி 4: 'கோ வெட்' ஓட்டுங்கள்

அந்த மாலையை எனக்கு மிச்சப்படுத்தியிருக்கக்கூடிய கட்டளை இது. நிரலை ஓட்டாமலேயே, 'பாஸஸ் லாக் பை வேல்யூ' என்று அந்த வரியைச் சுட்டிக்காட்டிவிடும். 'கோ டெஸ்ட்' தானாகவே வெட் சோதனைகளில் சிலவற்றைச் செய்கிறது, ஆனால் பூட்டு நகலாவதைக் கண்டுபிடிக்கும் சோதனை அந்தச் சிலவற்றில் இல்லை. ஆகவே தனியாக ஓட்டியே ஆக வேண்டும். விஎஸ் கோடில் கோ நீட்சியை நிறுவிவிட்டால், எழுதும்போதே இந்த எச்சரிக்கை கண்ணில் படும். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது அந்த எடிட்டரைத்தான்.

இன்று அந்த லாக் நிரலில் பூட்டே இல்லை. ஒவ்வொரு கோரூட்டீனும் தனக்கென ஒரு மேப்பை நிரப்பி, முடிந்ததும் அதைச் சேனல் (கோரூட்டீன்களுக்கு இடையே தரவைக் கடத்தும் குழாய்) வழியாக அனுப்புகிறது; எட்டையும் கூட்டுவது மெயின் மட்டும்.

பின்சேர்க்கை

விண்டோஸில் '-ரேஸ்' கொடுத்தால் சிகோ (கோ நிரலில் சி மொழி நிரலைச் சேர்க்கும் வசதி) தேவை என்று பிழை வருவதாக வாசகர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். மிங்டபிள்யூ-டபிள்யூ64 வழியாக ஜிசிசி கம்பைலரை நிறுவி, சிகோவை இயக்கும் சூழல் மாறியை 1 என்று வைத்தால் அது தீரும். இன்னொருவருக்கு எட்டுக் கோரூட்டீன்களும் கடைசிக் கோப்பையே படித்திருந்தன. லூப் மாறி சுற்றுக்குச் சுற்று புதிதாகப் பிறப்பது 2024-இல் வந்த கோ 1.22-இலிருந்துதான், அவர் புதிய பதிப்பை நிறுவியிருந்தாலும், நிரலுக்கான கோ பதிப்பைக் குறிக்கும் கோ.மாட் கோப்பில் பழைய பதிப்பு எண்ணே இருந்தது. அந்த எண்ணை 1.22 என்று மாற்றியதும் எட்டுக் கோப்புகளும் படிக்கப்பட்டன.